கம்பளி போர்த்திய கிருமி



மழைக்காலத்தில் மலைக்கு ஏறும் கொழுந்துக்காரப் பெண்கள் தலையில் கம்பளியோ றப்பர் சீட்டோ போட்டு, இடுப்பில் படங்கு கட்டிக்கொள்வது எதற்காக? மழையும் தேயிலை வாதும் உடம்பில் படாமல் இருக்கத்தானே! இதே உபாயத்தைக் கண்ணுக்குத் தெரியாத சில கிருமிகளும் செய்கின்றன என்றால் நம்புவீர்களா? தன்னைச் சுற்றி ஒரு போர்வை போர்த்திக்கொண்ட கிருமி ஆளையே கொன்றுவிடுகிறது. அதே குலத்தில் பிறந்து, போர்வை இல்லாமல் போன கிருமி பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடியாமல் அடங்கிப் போகிறது. அந்தப் போர்வையைப் பற்றித்தான் இம்முறை எழுதுகிறேன்.

நான் இருப்பது கல்முனைக்கு அடுத்த பாண்டிருப்பில். கிழக்கே கடல், மேற்கே வயல்வெளி. பக்கத்து ஊர் மருதமுனை. அங்கே நெய்த கைத்தறிச் சாரத்தை உங்களில் பலர் உடுத்தியிருப்பீர்கள். "கடற்கரைக்காரருக்கும் தோட்டத்து ஆட்களுக்கும் அப்படி என்ன பொதுப் பேச்சு?" என்று கேட்கலாம். இரண்டு சங்கதிகள் பொதுவாக இருக்கின்றன. ஒன்று, வெறுங்காலோடு ஈர மண்ணில் நிற்கிற வேலை. மற்றது, வரவரக் கூடிக்கொண்டே போகும் சீனி வருத்தம். நான் சொல்லப்போகும் கிருமிக்கு இந்த இரண்டும்தான் வாசல். அதோடு, அறுவடைக் காலத்தில் கூலிக்காகக் கீழ்நாட்டு வயல்களுக்கு இறங்கி வருகிறவர்களும், வயல் ஊர்களில் சம்பந்தம் செய்துகொண்டவர்களும் உங்களில் இருக்கிறார்கள்.

நோயின் பெயர் மெலியோய்டோசிஸ். வாயில் நுழையாத பெயர்தான். ஆனாலும் இரண்டு தரம் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் ஒரு நாள் உதவும்.

ரங்கூனில் கண்டது, இலங்கைக்கு வந்த கதை

1911இல் பர்மாவின் ரங்கூன் நகரத்தில் அல்பிரட் விட்மோர் என்ற ஆங்கிலேய வைத்தியரும் அவருடைய உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசாமியும் சில பிரேதங்களைப் பரிசோதித்தார்கள். (கிருஷ்ணசாமி என்ற பெயரைப் பார்த்தால் தென்னிந்தியர் என்றே தோன்றுகிறது. நோயின் சரித்திரத்தில் விட்மோர் பெயர்தான் பெரிதாக நிற்கிறது. நம்மவர் பெயர் மூலையில் கிடக்கிறது. இது புதிதல்லவே!) செத்தவர்கள் அநேகமாக மோர்பின் ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கமுள்ள ஏழைகள். நுரையீரலிலும் ஈரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டிகள். குதிரைகளுக்கு வரும் ஒரு நோயைப் போல இருந்தது. ஆனால் வளர்த்துப் பார்த்தபோது கிருமி வேறாக இருந்தது. பிற்பாடு கோலாலம்பூரில் ஸ்டான்டன், பிளெச்சர் என்ற இருவர் இந்த நோயை ஆராய்ந்து 1921இல் இன்றைய பெயரை வைத்தார்கள்.

இலங்கையில் முதன்முதலாக இந்நோய் பற்றி எழுதப்பட்டது 1927இல். நோயாளி யார் தெரியுமா? இங்கே தங்கியிருந்த ஓர் ஐரோப்பியத் தேயிலைத் தரகர்! நீங்கள் பறித்த கொழுந்தின் பெயரால் சம்பாதித்த மனிதர். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளுக்கு இந்த நோயைப் பற்றி நம் நாட்டில் பேச்சே குறைவு. நோய் இல்லாமலா போனது? இல்லை. தேடுவாரில்லை. 2006க்குப் பிறகு கொழும்புப் பல்கலைக்கழகத்தின் எனோக்கா கொரயா, பேராதனைப் பல்கலைக்கழகத்தின் வசந்தி தேவநேசம் போன்ற நுண்ணுயிரியல் பேராசிரியர்கள் விடாமல் தேடத் தொடங்கியபோது நாட்டின் பல பாகங்களிலிருந்தும் நோயாளிகள் தெரிய வந்தார்கள். மட்டக்களப்புப் பக்கத்திலும் கண்டுபிடித்தார்கள். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள். பெரும்பாலும் ஆண்கள், கிராமத்தவர்கள், மண்ணோடு மல்லுக்கட்டுகிறவர்கள். பாதிக்கு மேற்பட்டோருக்குச் சீனி வருத்தம் இருந்தது.

உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 1,65,000 பேருக்கு வருவதாகவும் 89,000 பேர் இறப்பதாகவும் 2016இல் ஒரு கணக்குப் போட்டார்கள். இது மதிப்பீடுதான், எண்ணிப் பார்த்த கணக்கல்ல. ஆனால் நோய் சிறியதல்ல என்று விளங்கும்.

சாம்பல் தொட்ட கை

இனி போர்வைக்கு வருவோம்.

நம் உடம்புக்குள் அந்நியக் கிருமி நுழைந்தால் இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் ஓடி வந்து அதை விழுங்கிச் செரித்துவிடும். காலில் முள் குத்தும் ஒவ்வொரு தடவையும் நமக்குத் தெரியாமலே நடக்கிற காரியம் இது. ஆனால் விழுங்குவதற்கு முன் பிடிக்க வேண்டுமே! விலாங்கு மீனை வெறுங்கையால் பிடித்து வெட்டிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போய்விடும். அதனால்தான் மீன் வெட்டுகிற பெண்கள் கையில் சாம்பலைத் தொட்டுக்கொள்வார்கள்.

நம் இரத்தத்திலும் இப்படிச் "சாம்பல்" இருக்கிறது. சில புரதங்கள் கிருமியின் வெளித்தோலில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியவுடன் வெள்ளை அணுவுக்குப் பிடி கிடைத்துவிடும். கிருமியின் கதை முடிந்தது.

போர்வை போட்ட கிருமி இங்கேதான் தந்திரம் செய்கிறது. போர்வை என்பது ஒரு வகை வழவழப்பான பாகு. சீனி வகைகள் நீண்ட சங்கிலியாகக் கோர்க்கப்பட்டுக் கிருமியைச் சுற்றிப் படிந்திருக்கும். (தேத்தண்ணிக்குப் போடும் சீனி அல்ல, அதன் உறவுமுறைச் சீனிகள்.) சாம்பல் அதில் சரியாக ஒட்டாது. அடித்தோலில் போய் ஒட்டினாலும், மேலே போர்வை மூடியிருப்பதால் வெள்ளை அணுவுக்கு எட்டாது. கையிலிருந்து வழுக்கும் விலாங்கு போலக் கிருமி தப்பிவிடும். தப்பிய ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும்.

இது வெறும் ஊகமல்ல. 1928இல் இங்கிலாந்தில் பிரெடெரிக் கிரிபித் என்ற வைத்தியர் நிமோனியாக் கிருமியை வைத்து ஒரு பரிசோதனை செய்தார். அந்தக் கிருமியில் இரண்டு வகை. போர்வையுள்ள வகை தட்டில் வளரும்போது வழவழ என்று மினுங்கும். போர்வையில்லாதது சொரசொரப்பாக இருக்கும். வழவழப்பானதை எலிக்கு ஊசியால் ஏற்றினார், எலி செத்தது. சொரசொரப்பானதை ஏற்றினார், எலி பிழைத்தது. வழவழப்பானதைச் சூடாக்கிக் கொன்று ஏற்றினார், அப்போதும் எலி பிழைத்தது. கடைசியில், கொன்ற வழவழப்பையும் உயிருள்ள சொரசொரப்பையும் கலந்து ஏற்றினார். எலி செத்துப்போனது! செத்த எலியின் இரத்தத்தில் உயிரோடு இருந்தது எது? போர்வை போட்ட வழவழப்பான கிருமி. செத்த கிருமி விட்டுப்போன "தையல் மாதிரியை" எடுத்து, உயிருள்ள கிருமி தனக்கும் போர்வை தைத்துக்கொண்டது. அந்தத் தையல் மாதிரிதான் டி.என்.ஏ. என்று 1944இல் அமெரிக்காவில் அவெரியும் அவருடைய கூட்டாளிகளும் காட்டினார்கள். இன்று தகப்பன் யார், பிள்ளை யார் என்று கோட்டில் வழக்காடுகிறார்களே, அந்த டி.என்.ஏ. பரிசோதனையின் பூட்டன் இந்த எலிப் பரிசோதனைதான்.

ஒரே மண்ணில் இரண்டு உறவினர்

மெலியோய்டோசிஸ் கிருமியின் பெயர் பெர்க்கோல்டேரியா சூடோமாலை. மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாழ்கிற பற்றீரியா. அதற்கு ஒரு நெருங்கிய உறவுக்காரன் உண்டு, தாய்லாந்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அதுவும் மண்ணில்தான் வாழும். பார்த்தால் அண்ணன் தம்பி போல இருக்கும். ஆனால் தாய்லாந்துக்காரனால் மனிதனுக்கு நோய் வருவது மிக மிக அபூர்வம். ஏன் இந்த வித்தியாசம்?

2001இல் இரண்டின் மரபணுக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கொல்கிற கிருமியில் மட்டும் இருப்பது எது என்று தேடினார்கள். கிடைத்தவற்றில் முக்கியமானது போர்வை நெய்கிற மரபணுக்கள். அதைக் கெடுத்துவிட்டுப் போர்வையில்லாத சூடோமாலையை ஹாம்ஸ்டர் என்ற சிறு எலியினத்துக்கு ஏற்றிப் பார்த்தார்கள். போர்வையோடு இருந்தால் பத்துக்கும் குறைவான கிருமிகளே கொல்லப் போதும். போர்வை இல்லாவிட்டால் இலட்சக்கணக்கில் வேண்டியிருந்தது.

"அப்போ போர்வைதான் எல்லாமா?" என்றால், இல்லை. தாய்லாந்து உறவினரில் இதே மாதிரிப் போர்வையுள்ள ஒரு வகையும் அகப்பட்டது. அது அப்படியொன்றும் பொல்லாததாக மாறவில்லை. கம்பளி போட்டவரெல்லாம் கொழுந்தெடுக்கத் தெரிந்தவர்கள் ஆகிவிட மாட்டார்களே. சூடோமாலையிடம் வேறு ஆயுதங்களும் இருக்கின்றன.

அதில் ஒன்றைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். வெள்ளை அணு எப்படியோ விழுங்கிவிட்டாலும், இந்தக் கிருமி உள்ளே அடைபட்ட பையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். பிறகு தன் உடம்பின் ஒரு முனையில் மட்டும் ஒரு புரதத்தை நீட்டிக்கொள்ளும். அந்தப் புரதம் நம்முடைய அணுவுக்குள்ளே இருக்கும் நார்களைப் பிடித்துக் கோர்த்து ஒரு வால் செய்யும். வால் நீள நீளக் கிருமி முன்னே தள்ளப்பட்டு, பக்கத்து அணுவுக்குள் முட்டிக்கொண்டு போகும். வெளியே இரத்தத்துக்கு வர வேண்டிய அவசியமே இல்லை. லயத்தில் முற்றத்துக்கு இறங்காமல் சுவரை உடைத்துக் காம்பரா காம்பராவாகப் போகிற திருடன் மாதிரி! இப்படி ஒளிந்துகொண்டு வருடக்கணக்கில் சும்மா இருக்கவும் அதற்குத் தெரியும். இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பானியரிடம் கைதியாக இருந்த ஒருவருக்கு 62 வருடம் கழித்து இந்த நோய் வெளிப்பட்டதாக 2005இல் எழுதியிருக்கிறார்கள். இப்படி நடப்பது அபூர்வம். பெரும்பாலும் மண் பட்ட சில நாட்களிலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்துவிடும்.

போர்வைக்குக் கீழே இருக்கும் வெளித்தோலும் லேசுப்பட்டதல்ல. கொழுப்பும் சீனியும் சேர்ந்த அந்தத் தோலின் துணுக்குகள் இரத்தத்தில் கலந்தால்தான் நடுக்கமும் கடும் காய்ச்சலும் வருகின்றன, இரத்த அழுத்தமும் விழுகிறது. உள்ளே வருகிற மருந்தை வெளியே இறைத்துவிடும் சிறு பம்புகளும் அந்தத் தோலில் உண்டு. ஜென்டாமைசின் ஊசி இந்த நோய்க்குப் பொதுவாகப் பலிக்காமல் போவது அந்தப் பம்புகளால்தான். அமொக்சிசிலினும் பொதுவாகப் பலிக்காது. அதன் காரணம் வேறு. சாதாரணக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் குளிசையைப் போட்டு, ஐந்தாறு நாள் பார்த்து, மாற்றிப் போட்டு, இன்னும் ஐந்து நாள் பார்த்து என்று காலம் போவது இப்படித்தான்.

யார் பயப்பட வேண்டும்?

எல்லோரும் பயப்பட வேண்டியதில்லை. நல்ல ஆரோக்கியமுள்ளவர் வயலில் இறங்கினால் நோய் வருவது குறைவு. சீனி கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், சிறுநீரக வருத்தக்காரர்கள், நாள்தோறும் சாராயம் குடிப்பவர்கள், இவர்களுக்குத்தான் ஆபத்து. இரத்தத்தில் சீனி கூடியிருக்கும்போது வெள்ளை அணுக்கள் சோம்பேறியாகிவிடுகின்றன. ஓடி வருவதும் மெதுவாக, விழுங்குவதும் மெதுவாக. (சீனிப் போர்வை போட்ட கிருமி சீனி வருத்தக்காரரைப் பிடிப்பது வேடிக்கையாக இருந்தாலும், அந்தச் சீனிக்கும் இந்தச் சீனிக்கும் சம்பந்தமில்லை.) 2005-06இல் நாடு தழுவி எடுத்த ஆய்விலேயே வயது வந்தோரில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. அதற்குப் பின் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

கிருமி நுழைவது காலிலும் கையிலும் உள்ள வெட்டுக்காயம், வெடிப்பு, புண் வழியாக. கலங்கல் தண்ணீரைக் குடிப்பதாலும், பலத்த மழைக்காற்றில் தூவானத்தோடு மூச்சில் போவதாலும் வரலாம். 2004 டிசம்பர் 26ஆந் திகதி சுனாமி எங்கள் கரையைத் துடைத்துக்கொண்டு போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதே அலையில் அகப்பட்டுச் சேற்றுத் தண்ணீரை விழுங்கிப் பிழைத்த ஆறு பேருக்குத் தென் தாய்லாந்தில் மெலியோய்டோசிஸ் வந்ததை அங்குள்ள வைத்தியர்கள் பதிவு செய்தார்கள். கிழக்கில் மாரி மழை காலம் பெரும்போகத்து வயல் வேலையோடு சேர்ந்தே வருகிறது. சேறும் கால் வெடிப்பும் ஒன்றாகச் சந்திக்கிற காலம் அது.

"சேத்துக்குள்ள பூட்ஸ் போட்டா கால் புதையும் தம்பி, வேலை ஓடாது" என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பு நாடறிந்தது, வெறுங்காலின் பெருமையை எங்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனால் தீமிதிப்பு வருடத்தில் ஒரு நாள். வயல் தினமும். ஆகவே, எல்லோரும் பூட்ஸ் போடுங்கள் என்று சொல்லி முடிப்பதை விட, சீனி வருத்தமுள்ளவரும் காலில் புண் உள்ளவரும் கட்டாயம் போடுங்கள், மற்றவர் முடிந்த மட்டும் போடுங்கள் என்று சொல்வதே நடக்கிற காரியம் என நினைக்கிறேன். புண்ணை நீர் புகாத பிளாஸ்டரால் மூடி இறங்க வேண்டும். ஏறியவுடன் சவர்க்காரம் போட்டுக் கால் கழுவ வேண்டும். கான் வெட்டுகிறவர்களும், மரக்கறித் தோட்டத்தில் சேறு மிதிக்கிறவர்களும் இப்படிச் செய்தால் எலிக்காய்ச்சலுக்கும் அது காவல்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இது ஆளிடமிருந்து ஆளுக்குத் தாவுகிற நோயல்ல. அப்படி நடந்தது உலகத்திலேயே விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். நோயாளியைத் தனிக் காம்பராவில் ஒதுக்கி, தட்டையும் கோப்பையையும் பிரித்து வைக்கிற வேலை வேண்டாம்.

போர்வையைக் கொண்டே போர்வைக்காரனைப் பிடிப்பது

மெலியோய்டோசிஸுக்கு இதுவரை தடுப்பூசி கிடையாது. ஆனால் போர்வையுள்ள வேறு கிருமிகளிடம் மனிதன் நன்றாகப் பழி தீர்த்திருக்கிறான். போர்வையை மட்டும் உரித்தெடுத்து ஊசியாகப் போட்டால், உடம்பு அந்தப் போர்வைக்கென்றே தனிச் சாம்பல் தயாரித்து வைத்துக்கொள்கிறது. பிறகு உண்மையான கிருமி வந்தால் வழுக்க முடியாது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையின் உடம்புக்கு வெறும் சீனிப் பாகு அடையாளம் தெரிவதில்லை. மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் அதிகம் கொல்வதோ அந்த வயதில்தான். அதனால் போர்வைச் சீனியை ஒரு புரதத்தோடு இணைத்துக் கொடுத்தார்கள். புரதத்தைக் கண்டு விழித்துக்கொள்ளும் உடம்பு, கூட வந்த சீனியையும் ஞாபகம் வைத்துக்கொண்டது. 2008 முதல் நம் நாட்டில் பிள்ளைகளுக்கு 2, 4, 6 மாதங்களில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியில் இப்படிச் செய்த ஹிப் கிருமியின் போர்வையும் இருக்கிறது. "ஊசி போட்டா புள்ளைக்குக் காய்ச்சல் வருது" என்று அந்தத் தவணையைத் தவற விடுகிற தாய்மாருக்காக இதை எழுதுகிறேன். ஓரிரு நாள் லேசான காய்ச்சல் வரும்தான். அது உடம்பு பாடம் படிக்கிற சத்தம்.

நெருப்புக் காய்ச்சல் கிருமிக்கும் போர்வை உண்டு. 1934இல் பீலிக்ஸ், பிற் என்ற இருவர் அதைக் கண்டுபிடித்து, நோயின் உக்கிரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் இரண்டு எழுத்தால் "வி-ஐ" என்று பெயரிட்டார்கள். அந்தப் போர்வையிலிருந்து செய்த தடுப்பூசி இருக்கிறது. புரதத்தோடு இணைத்த புதிய வகையை 2018இல் உலக சுகாதார நிறுவனம் ஆறு மாதக் குழந்தை முதல் போடலாம் என்று பரிந்துரைத்தது. ஆனால் நெருப்புக் காய்ச்சலின் தங்கை ஒருத்தி இருக்கிறாள், பரா டைபொயிட். அவளுக்கு அந்தப் போர்வை இல்லை, ஊசியும் அவளைத் தடுக்காது. பீலித் தண்ணியைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்வதை வைத்தியர்கள் இன்னும் நிறுத்தாததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆஸ்பத்திரியில் என்ன சொல்வது?

மெலியோய்டோசிஸுக்கென்று தனி அடையாளம் இல்லை. சில பேருக்கு இருமலோடு காய்ச்சல், காசநோய் என்று நினைத்து மருந்து கொடுத்துக் கொண்டிருப்பார்கள், சளியில் காசநோய்க் கிருமி இராது. சிலருக்கு ஆறாத கட்டி. சிலருக்கு மூட்டு வீக்கம். சிலருக்கு ஸ்கேன் எடுத்தால் ஈரலிலும் மண்ணீரலிலும் சிறு சிறு சீழ்க்கட்டிகள். சிலருக்கு இரண்டே நாளில் மூச்சுத் திணறி நினைவு தப்பிவிடும்.

ஐந்து நாளுக்கு மேல் காய்ச்சல் விடவில்லை, உங்களுக்குச் சீனி இருக்கிறது, அண்மையில் வயலிலோ சேற்றிலோ வேலை செய்தீர்கள் என்றால், இந்த மூன்றையும் கேட்காமலே தோட்ட வைத்தியரிடம் சொல்லுங்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதித் தரச் சொல்லுங்கள். "இரத்தத்தில் கிருமி வளர்த்துப் பார்க்கிற பரிசோதனை செய்யலாமா?" என்று பெரிய டொக்டரிடம் கேட்பது மரியாதைக் குறைவல்ல. அந்த இரத்தத்தை மருந்து தொடங்குவதற்கு முன் எடுத்தால்தான் கிருமி வளரும். முடிவு வரச் சில நாள் செல்லும். ஆய்வுகூடத்தில் இந்தக் கிருமியைச் சாதாரண அழுக்கு என்று தள்ளிவிட்ட சந்தர்ப்பங்களும் பல நாடுகளில் உண்டு. வயல் வேலை என்ற தகவல் துண்டில் எழுதியிருந்தால் அங்கே கண் திறந்து பார்ப்பார்கள்.

சரியான மருந்து இருக்கிறது. செப்டசிடைம் அல்லது மெரோபெனம் என்ற ஊசி, நாளம் வழியே, குறைந்தது 10 முதல் 14 நாள். வட அவுஸ்திரேலியாவில் சீக்கிரம் கண்டுபிடித்து இப்படி வைத்தியம் செய்வதால் நோயாளிகளில் பத்தில் ஒருவர் அளவில்தான் இறக்கிறார். தாய்லாந்தின் வடகிழக்கு வயல் கிராமங்களில் பத்தில் நான்கு பேர் வரை இறந்திருக்கிறார்கள். கிருமி ஒன்றுதான்.

ஊசி முடிந்து காய்ச்சல் விட்டவுடன் வீட்டுக்கு அனுப்பும்போது கோ-ட்ரைமொக்சசோல் குளிசை தருவார்கள். மூன்று மாதம் விடாமல் குடிக்க வேண்டும். அணுவுக்குள் ஒளிந்திருப்பதைப் பிடிப்பதற்காகவே அவ்வளவு நாள். ஒரு மாதத்தில் உடம்பு தேறி, பசி எடுத்து, பிரட்டுக்குப் போகத் தொடங்கியவுடன் "இனி எதுக்கு?" என்று குளிசையை நிறுத்தியவர்களுக்குத்தான் நோய் அதிகமாகத் திரும்பி வருகிறது. நடுவில் தோலில் தடிப்பு, வாந்தி ஏதும் வந்தால் நீங்களாக நிறுத்தாமல் கிளினிக் கொப்பியோடு அதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாற்று மருந்து வைத்திருக்கிறார்கள்.